கியாசு வைத்த காற்று

கியாசுதீனைப் பற்றிச் சொல்வதென்றால் டயரில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆளைப் பற்றிக் கேட்டால் டயரைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்தவன் நான். பெயர் ஞானதாஸ். கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டயரைப் பார்த்துவிடுவேன். ஓரம் தேய்ந்திருந்தால் கஞ்சன், நடு தேய்ந்திருந்தால் அவசரக்காரன் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஓர் ஆள் விஷயத்தில் மட்டும் ஏமாந்தேன். அது கியாசு இல்லை, அவன் மச்சான்.

மச்சான் என்றால் அப்துல் கையூம் பாய். பஜாரில் கடலை மண்டி. வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை, யாரைப் பார்த்தாலும் சிரித்த முகம். அவரிடம் ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் கார் இருந்தது. இரண்டு கை மாறி அவரிடம் வந்து சேர்ந்த வண்டி. கையூம் பாயின் சம்சாரம் ஜெய்புன்னிசா, கியாசுக்குப் பெரியப்பா மகள். தாய் தகப்பன் இல்லாத பையனாக அக்கா வீட்டுக்கு வந்தவன், அந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வளர்ந்து ஆளாகி, ஹபீபாவைக் கட்டிக்கொண்டு, மண்டிக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் குடித்தனம் நடத்தினான். சாப்பாடு உண்டு, பெருநாளைக்குத் துணி உண்டு. சம்பளம் என்று பேச்செடுத்தால் பாய் சிரிப்பார். வூட்டுப் புள்ளைக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா என்பார். நானும் அதைக் கேட்டு, ஆகா, என்ன பெரிய மனசு என்று நினைத்திருக்கிறேன். அந்த நினைப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கியாசு விடிந்ததும் என் கடைக்கு வந்துவிடுவான். வண்டி ஓடி டயர் சூடாவதற்கு முன்னால் காற்று பார்க்க வேண்டும் என்பது அவன் கட்சி. மண்டிக்கும் என் கடைக்கும் கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்தையும் உருட்டிக்கொண்டு வருவதுபோல மெதுவாக வருவான். வண்டியோடு வந்த சின்னப் புத்தகத்தில் நாலு சக்கரத்துக்கும் இருபத்துநாலு பவுண்டு காற்று என்று போட்டிருந்தது. கியாசு முன்னால் இருபத்துநாலு வைப்பான், பின்னால் இருபத்தெட்டு.

"இன்னாடா, கார் செஞ்சவனை வுட நீ பெரிய ஆளா?" என்று சீண்டினேன் ஒருநாள்.

"அவன் நாலு பேரு குந்துவான்னு நெனச்சு எழுதிக்கிறான் அண்ணாத்த. எங்க மச்சான் வூட்டுல என்னிக்கி நாலு பேரு போயிக்கிறாங்க? ஏழு பேரு, ரெண்டு மூட்டை, ஒரு பிரியாணி டேக்சா. ஸ்பிரிங்கும் கெயவனாட்டம் குந்திப்போச்சு. டயரும் தேஞ்சதுக்கு மேல ரப்பர் ஒட்டின ரீட்ரெட்டு."

சும்மா வாய்க்கு வந்த கணக்கு இல்லை அது. ஒரு காலத்தில் முப்பது வைத்துப் பார்த்தான். செய்யூர் ரோட்டில் வண்டியின் பின்பக்கம் ஆட்டுக்குட்டிபோலத் துள்ளி, ஜெய்புன்னிசா அக்காவின் தலை கூரையில் இடித்தது. இருபத்தாறுக்கு இறக்கினான். கொஞ்ச நாளில் டயரின் இரண்டு ஓரமும் மழித்த மாதிரி தேய்ந்து வந்தன. அப்புறம்தான் இருபத்தெட்டில் நின்றான். அதில் நின்றபிறகு டயர் சீராகத் தேய்ந்தது, பெண்களும் முனகவில்லை. புது வண்டிக்குப் புத்தகம் போதும், பழைய வண்டிக்கு அதனோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டிரைவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வேதம் உண்டு. வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் டயர் வெடிக்காது என்பது. ஓடி வந்த டயரைத் தொட்டுப் பார்ப்பார்கள், சுடும். காற்றை அளக்கிற கேஜை வைத்தால் காலையில் வைத்ததைவிட நாலைந்து பவுண்டு கூடக் காட்டும். உடனே பயந்து, நடு வழியில் காற்றைப் பிடுங்கி விடுவார்கள். சூட்டில் அப்படிக் கூடத்தான் செய்யும், அதைத் தொடக்கூடாது. பிடுங்கிவிட்டால் டயர் சுமையில் நசுங்கி நசுங்கி, மாவு பிசைகிற மாதிரி பிசைந்துகொண்டே ஓடி இன்னும் சூடேறும். வெடிக்கக்கூடாது என்று செய்கிற காரியத்தால்தான் வெடிக்கும். நான் தொண்டை கிழியச் சொல்லியும் கேட்கமாட்டார்கள். கையூம் பாயும் அந்த வேதக்காரர்தான். ஆனால் அந்த ஒரு நாள் வரும்வரை கியாசை மீறி அவர் டயரில் கை வைத்ததில்லை.

எழுபத்துநாலாம் வருஷத்துக் கோடையில் கியாசுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவர் எடுத்தார்கள். கியாசு போய் ஓட்டிக் காட்டினான். பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். இனி லைசென்சில் கறை இல்லை, போலீசில் வழக்கு இல்லை என்று விசாரித்துக்கொண்டு கூப்பிடுவார்கள். மாசம் பிறந்தால் சம்பளம், தங்க ஒரு குவார்ட்டர்ஸ். ஹபீபா அந்தக் குவார்ட்டர்சில் எந்த ஜன்னலுக்கு என்ன திரை போடுவது என்பதுவரை யோசித்துவிட்டாளாம். நினைவு தெரிந்ததிலிருந்து பிறர் வீட்டுப் பின்னறையிலேயே இருந்தவனுக்குத் தனக்கென்று ஒரு கதவு. அதுதான் அவன் கேட்டதெல்லாம்.

மச்சான் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் போய்ச் சொன்னான். பாய் எழுந்து வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோசம்டா. பதரு புள்ளை பெத்து எழுந்திரிக்கிற வரைக்கும் வண்டி ஓட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

பதரு என்பது அவருடைய ஒரே மகள் பதருன்னிசா. சதுரங்கப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். கியாசு அன்று என் கடைக்கு வந்து, மச்சான் மாதிரி மனுஷன் உண்டா அண்ணாத்த என்று கண் கலங்கினான். எனக்கும் கொஞ்சம் கலங்கியது.

கத்திரி வெயிலில் பதருவை அழைக்கப் போனார்கள். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது சம்பந்தி வீட்டிலிருந்து துணைக்கு இரண்டு பெண்கள், பலகாரக் கூடை, அரிசி மூட்டை என்று வண்டி வயிறு முட்ட நிறைந்தது. திருக்கழுக்குன்றத்தில் சர்பத் குடிக்க நிறுத்தினார்கள். பாய் இறங்கிப் பின்டயரைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாடா இது, தோசைக்கல்லாட்டம் சுடுது! காத்தைக் கொற."

"வாணாம் மச்சான். ஓடியாந்தா சுடத்தான் செய்யும். லோடு வேற கீது. தொடாதீங்க."

"உள்ள மாசமா இருக்கிற பொண்ணு குந்திகினு கீது. தூக்கித் தூக்கிப் போடுது அதுக்கு. எனக்குச் சொல்லித் தர்றியா நீ?"

பெண்கள் வெளியே தெரியாமல் இருக்கக் காரின் ஜன்னல்களுக்குத் திரை கட்டியிருப்பார்கள். பதரு திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கியாசு குறுக்கே நின்றான். பாய் அவனைத் தள்ளிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தீக்குச்சியால் வால்வை அமுக்கினார். ஒரு பக்கம் முடித்து மறு பக்கமும் போனார். எவ்வளவு பிடுங்கினார் என்று கேஜ் வைத்துப் பார்க்கக்கூட விடவில்லையாம். கண்ணுக்கே டயர் தொப்பை விழுந்து தெரிந்தது. மெதுவா ஓட்டு, ஒண்ணும் ஆவாது என்றார். கியாசு மெதுவாகத்தான் ஓட்டினான். செங்கல்பட்டுக்கு வரும் வழியில் ஏரிக்கரைத் திருப்பத்தில் பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய், எதிரே சைக்கிளில் வந்த பால்காரரைத் தட்டிவிட்டுப் புளியமரத்தை உரசி நின்றது. காரில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. பால்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

கியாசுதான் அந்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு, வந்த பஸ்ஸை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். வாசலிலேயே பாய் காத்திருந்தார்.

"நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்" என்றார்.

இதை வெளியாள் கேட்டால், ஏன் வாயைத் திறக்கக்கூடாது, உன் வாய்தானே என்பான். அந்தக் குடும்பத்து வழக்கம் தெரிந்தால்தான் இது புரியும். கல்யாணப் பேச்சோ, ஜமாஅத்தில் பஞ்சாயத்தோ, சர்க்கார் ஆபீசோ, வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் பேசுவார். கூடப் போன சின்னவர்கள் கை கட்டி நிற்பார்கள். பெரியவர் பேச்சுக்கு நடுவே சின்னவன் வாய் வைத்தால், அது அவரைச் சபையில் செருப்பால் அடித்த மாதிரி. கியாசுக்கு அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. கை கட்டி நின்றான்.

மோட்டார் வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கெட்டிக்காரர். வெடித்த டயரின் உள்பக்கம் சுருக்கம் சுருக்கமாகக் கருகியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். காற்று கம்மியாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள், காற்றை இறக்கியது யார் என்று நேராகக் கேட்டார்.

"டிரைவருதான் சார்" என்றார் கையூம் பாய். "வாணாம்டா, லோடு கீதுன்னு நான் எவ்ளோவோ சொன்னேன். கேக்கல. அவனுக்குக் காத்து விசயத்துல எப்பவும் ஒரு அலட்சியம்."

கியாசு திரும்பிப் பார்த்தான். பாய் அவன் தோளில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். அந்த அழுத்தலை நம்பித்தான் அவன் கெட்டான். மச்சான் ஏதோ கணக்குப் போட்டுத்தான் பேசுகிறார், வண்டி அவர் பேரில் இருப்பதால் இப்படிச் சொன்னால்தான் எல்லோருக்கும் நல்லது போல, பின்னால் சரிக்கட்டி விடுவார் என்று நினைத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்து, என்னப்பா, அப்படித்தானா என்றும் கேட்டிருக்கிறார். தலையை ஆட்டிவிட்டான். ஆட்டிய தலையை அவனே பிறகு எத்தனையோ முறை சுவரில் முட்டிக்கொண்டான்.

மறுநாள் அந்த டயரை என்னிடம் கொண்டு வந்தார்கள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, கியாசு வைத்த காற்றில் ஓடிய டயர் இல்லை இது என்று. அவனைத் தனியாக இழுத்துக் கேட்டேன். நடந்ததைச் சொன்னான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"போயி உண்மையச் சொல்லுடா மடையா!"

"மச்சான் பார்த்துக்குவாரு அண்ணாத்த. நீ எதுவும் பேசிக் கெடுத்துடாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மச்சான் நன்றாகப் பார்த்துக்கொண்டார். கோர்ட்டில் அபராதம் போட்டார்கள், அதைக் கட்டியது நான்தான் என்று பஜார் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். லைசென்சை ஆறு மாசத்துக்கு முடக்கினார்கள். கல்பாக்கத்தில் விசாரிப்பதற்கு வேறு என்ன வேண்டும்? அந்த வேலை வேறொருவனுக்குப் போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, இங்கே பூசாரி கட்டிப் பிடித்து முத்தமும் கொடுத்துவிட்டு அல்லவா வரத்தைப் பிடுங்கினான்.

வேலை போன செய்தி வந்த அன்று ஹபீபா, ஜெய்புன்னிசா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பதருவுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. ஜெய்புன்னிசா கெட்ட மனுஷி இல்லை. மனசில் கள்ளம் கிடையாது, அதனால் வாயிலும் பூட்டு கிடையாது.

"எதுக்குடி அழுவுற? எல்லாம் நல்லதுக்குத்தான். அந்த வேலை வந்ததுலேர்ந்து உங்க மச்சானுக்குத் தூக்கமே இல்ல. கியாசு மாதிரி ஒருத்தன் எனக்கு எங்க கெடைப்பான்னு பொலம்பிகினே இருந்தாரு. ஸ்டேஷன்லேர்ந்து வந்து சொல்றாரு, இனிமே அவன் எங்கயும் போவ மாட்டான், நிம்மதியா சோறு போடுன்னு. அவ்ளோ பாசம்டி அவுருக்கு."

ஹபீபாவுக்கு அழுகை நின்றுவிட்டது. நேராகப் போய்க் கியாசிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. அவளைத் திட்டினான். பிறகு அவனே மண்டிக்குப் போனான். பாய் கடலை மூட்டைகளுக்கு நடுவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சானை அவன் நேருக்கு நேர் கேள்வி கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"மச்சான், காத்து எறக்கினது நான்தான்னு வேணும்னேவா சொன்னீங்க?"

பாய் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவன் அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பான்.

"ஆமா, சொன்னேன். இப்ப இன்னா கெட்டுப்போச்சு? அபராதம் உன் கையிலேர்ந்தா போச்சு? எவனோ ஒரு மேஸ்திரிக்கு சலாம் போட்டுகினு பஸ்ஸு ஓட்டணும்னு உனக்கு இன்னா தலையெழுத்து? உன்னை நான் வேலைக்காரனாட்டமா வெச்சிருக்கேன்? குந்து. ஒரு வாய் சாப்புடு."

தட்டை அவன் பக்கம் நகர்த்தினாராம். இதை என்னிடம் சொல்லும்போதுதான் கியாசு உடைந்து அழுதான். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன் அண்ணாத்த, சோத்தை நகத்துனாரே என்றான்.  பகையாளி குழி பறித்தால் தாண்டிக்கொள்ளலாம். பாசம் பாசம் என்று சொல்லிக்கொண்டே ஒருவன் காலை ஒடித்து, நான்தான் உன்னைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவனை என்ன செய்வது?

அன்றைக்கே மண்டிப் பின்னறையைக் காலி செய்தான். என் கடைக்குப் பின்னால் ஓலைச் சார்ப்பு போட்டுக் கொடுத்தேன். பஜாரில் பாதிப் பேர் அவனைத்தான் வைதார்கள். சோறு போட்ட கையை உதறிவிட்டுப் போகிறானே, நன்றி இருக்கிறதா என்றார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று என்னிடமே ஒருவர் வந்து பாடம் நடத்தினார். உப்பு போட்டதே அவனை ஊறுகாய் போடத்தான் என்று சொல்லி விரட்டினேன். கியாசு தன் வேலையைப் பார்த்தான். லைசென்ஸ் வருகிறவரை என்னோடு காற்றுப் பிடித்தான், பஞ்சர் ஒட்டினான். செய்யூர்ப் பக்கத்திலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றும் லாரிக்காரர் ஒருவர், லைசென்ஸ் கைக்கு வந்ததும் வந்து ஏறிக்கொள் என்று சொல்லியிருந்தார்.

லைசென்ஸ் வந்த செய்தி என்னைவிடச் சீக்கிரமாகக் கையூம் பாய்க்கு எட்டியிருக்கிறது. மறுநாள் காலையிலேயே லேண்ட்மாஸ்டர் கடை வாசலில் வந்து நின்றது. பாயே ஓட்டி வந்திருந்தார். பின்சீட்டில் கைக்குழந்தையோடு பதரு, பக்கத்தில் ஜெய்புன்னிசா. பதருவைச் சதுரங்கப்பட்டினத்தில் கொண்டுபோய் விட வேண்டும். கியாசைக் கூட்டிப்போக லாரியோடு லாரிக்காரர் வந்திருந்தார், டீ குடிக்க வந்த இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், நான் இருந்தேன்.

"கியாசு, வாடா. பச்சப்புள்ளையோட போறோம், நீ ஓட்டினாத்தான் எனக்குத் தைரியம்" என்று பாய் சிரித்த முகத்தோடு சாவியை நீட்டினார். "பழசெல்லாம் வுடு. வூட்டுக்கு வந்துடு."

கியாசு சாவியை வாங்கவில்லை. பின்டயரைப் பார்த்தான். கொஞ்சம் படுத்திருந்தது.

"வர்றேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும். அன்னிக்கி காத்தை எறக்கினது யாரு? இவங்க முன்னாடி உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா இப்பவே வண்டியில ஏறிக்கிறேன்."

பாயின் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. எங்களை ஒரு சுற்று பார்த்தார்.

"எல்லாம் முடிஞ்சு போனதை இப்ப எதுக்குடா தோண்டுற, நாலு பேரு முன்னாடி?"

"நாலு பேரு முன்னாடிதான் என்னைச் சொன்னீங்க."

பாய் நீட்டிய சாவியை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். கியாசு குனிந்து பின்ஜன்னலைப் பார்த்தான். பதரு பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அவளைக் கொண்டுபோய் விட்டவன் அவன். திருக்கழுக்குன்றத்தில் அத்தா, அதாவது தகப்பன், டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தவள் அவள்.

"நீயாவது சொல்லும்மா. நீ பார்த்தியே."

பதரு மாமு கியாசைப் பார்த்தாள். அத்தாவைப் பார்த்தாள். உதடு அசைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

அந்த ஒரு நிமிஷம் நான் பாயை அடித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். கியாசு என் பக்கம் திரும்பவே இல்லை. காற்றுக் குழாயை இழுத்து வந்து பின்டயர் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பின்சக்கரத்துக்கும் பிடித்து, கேஜை வைத்து இருபத்தெட்டு வந்ததா என்று இரண்டு தடவை பார்த்தான். முன்சக்கரங்களையும் சரிபார்த்தான். வால்வு மூடிகளைத் திருகிவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"வழியில தொட்டுப் பார்த்தா சுடும். கை வெக்காதீங்க" என்றான். "ஓட்டிகினு போங்க, மொதலாளி."

மச்சான் மொதலாளி ஆகிவிட்டதைக் கேட்டதும் கையூம் பாய் ஓர் அடி முன்னால் வந்தார். அதற்குள் கியாசு லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.